அடித்தட்டுப் பெட்டிகள்

தையல்நாயகி ஒரு போர்டைக் கையில் எடுத்தால் போதும், அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவாள் என்று தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவள்தான் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டுமே உண்மை. பதினாறு வருஷமாக மின்னணுப் போர்டுகளோடு மாரடிக்கிறவள். தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு எவன் வந்து சொல்லப்போகிறான் என்பது அவள் கட்சி.

விஜயராகவனின் கம்பெனி சின்னது. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அவர் கட்டிக் கொடுத்த கூடத்தில் இரண்டு ஷிப்டாக முப்பது பேர் வேலை பார்க்கிறார்கள். வயலில் இருக்கும் மோட்டாரை வீட்டிலிருந்தே மொபைலில் ஓடவிடும் பெட்டிகள் இப்போது வந்திருக்கின்றன அல்லவா, அவற்றுக்குள் போகும் போர்டுகளை இங்கேதான் செய்கிறார்கள். வேலையைச் சொல்வது எளிது. வெறும் போர்டில் இருக்கும் செப்புத் திட்டுகளின் மேல் சால்டர் பேஸ்ட் என்கிற பற்றாசுக் குழம்பைப் பூசுவார்கள். அதன் மேல் மெஷின் சின்னச் சின்னப் பாகங்களை உட்காரவைக்கும். அப்புறம் போர்டு நீளமான ஓவனுக்குள் நுழைந்து மறுபக்கம் வரும். வருவதற்குள் பேஸ்ட் உருகி, செம்பையும் பாகத்தின் காலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்று வாரமாகப் பிடிக்க மாட்டேன் என்கிறது.

நாள் முழுக்க அப்படி இல்லை. காலை ஷிப்டில் கெட்டுப்போகும், மதிய ஷிப்டில் ஒழுங்காக வரும். தையல்நாயகி இரண்டு ஷிப்டுக்கும் பொறுப்பு. மூன்று வாரத்துக்கும் தேதிவாரியாக ஒரு சார்ட் போட்டு, கெட்ட போர்டு வந்த நேரத்துக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்தாள். சிவப்பு முழுக்கக் காலை ஷிப்டில் விழுந்தது. காலையில் ஓவன் பார்ப்பவன் கொளஞ்சி. மதியம் பார்ப்பவர் வெற்றிவேல். வெற்றிவேல் பக்கம் ஒரு புள்ளிகூடக் கிடையாது.

விஜயராகவன் அந்தச் சார்ட்டை ஒருமுறை பார்த்தார். இரண்டாவது முறை பார்க்க அவருக்குப் பொறுமை இல்லை.

"இதுக்கு மேல என்னா வேணும்? அவன் சூட்ட சரியா வெக்கல. இன்னியோட அனுப்பிடுவோம்."

"சார், சார்ட்டு எந்த நேரத்துலன்னுதான் சொல்லுது. எதனாலன்னு அது சொல்லல."

"கோயம்புத்தூர்லேர்ந்து கஸ்டமரோட இன்ஜினியர் வராரு தையல்நாயகி. காரணம் கேட்டா அவருகிட்ட என்னா சொல்ல? எதுனா ஒண்ணு சொல்லணும்ல?"

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க. காரணத்த நான் காட்டுறேன். காட்டலன்னா அப்புறம் உங்க இஷ்டம்."

காட்டிவிடுவோம் என்பதில் அவளுக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. ஆனால் நினைப்பு வாசல் பக்கமே போனது. கொளஞ்சி பாகூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பையன், முப்பது வயது, அதிர்ந்து பேசத் தெரியாது. மூன்று வருஷம் காண்டிராக்டில் கிடந்து இந்தப் பங்குனியில்தான் நிரந்தரம் ஆக இருந்தான். இப்போது வாசலில் செக்யூரிட்டி அறையில் மடியில் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனை அங்கே உட்காரவைத்தது அவள் கையால் வைத்த சிவப்புப் புள்ளி. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருந்தால், காக்கையைக் காட்டிக்கொடுத்த பாவம் அவளுக்குத்தான்.

பதினொரு மணிக்கு இன்ஜினியர் முகிலன் வந்தான். இருபத்தாறு வயதிருக்கும், கண்ணாடி, தோளில் லேப்டாப் பை. வந்ததும் ஓவனைப் பார்க்க வேண்டும் என்றான். தையல்நாயகி மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள்.

"மொதல்ல இங்க வாங்க சார். ஓவன் எங்கயும் ஓடிப்போவாது."

கெட்ட போர்டு ஒன்றை வைத்து, குமிழைத் திருகித் தெளிவாக்கினாள்.

"சால்டர் உருகலன்னா எப்படி இருக்கும்? மணல் மணலா, வெளுத்துப்போயி இருக்கும். இது எப்படி இருக்குது பாருங்க."

முகிலன் குனிந்து பார்த்தான். "பளபளன்னு இருக்குதுங்க."

"உருகியிருக்குது. நல்லாவே உருகியிருக்குது. உருகி எங்க போச்சு? கால் மேல ஏறிக்கிச்சு. கால அழகாப் புடிச்சிருக்குது. கீழ செம்பப் பாருங்க."

செம்பின் மேல் சால்டர் பரவவில்லை. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓரமாக ஒதுங்கி நின்றது. அதைச் சுற்றிலும் செம்பு மங்கி வெறுமையாகத் தெரிந்தது.

"சூடு பத்தலன்னா ரெண்டையுமே புடிக்காது," என்றாள் தையல்நாயகி. "காலப் புடிச்சிட்டு செம்ப மட்டும் வேணாங்குதுன்னா, நோவு செம்புலதான். ஓவன்ல இல்ல."

முகிலன் கெட்டிக்காரன். ஆனாலும் எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவான். சூடு அளக்கும் கம்பிகளைப் போர்டில் ஒட்டி ஓவனுக்குள் விட்டான். லேப்டாப்பில் கோடு ஏறி இறங்கியது. எங்கே எவ்வளவு இருக்க வேண்டுமோ அங்கே அவ்வளவே இருந்தது. தையல்நாயகி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். 'நான்தான் சொன்னேனே' என்று வாயால் சொல்லவில்லை, முகம் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்தது பேஸ்ட். பேஸ்ட் பூசும் மெஷினில் இருப்பவள் அமுதவல்லி. தன் பக்கம் எவனாவது விரலை நீட்டினால் கடித்துவிடுகிற பார்வையோடு நின்றாள்.

"ஃபிரிட்ஜிலேர்ந்து எடுத்து நாலு மணி நேரம் வெளிய வெச்சிதான்க்கா டப்பாவத் தொறக்குறேன். தேதி எழுதி ஒட்டியிருக்கேன் பாரு."

"உன்ன யாரு கேட்டா? அதே டப்பாவுலேர்ந்து வேற கம்பெனி போர்டு ஒண்ணுக்குப் பூசிக் குடு."

அமுதவல்லி பூசிக் கொடுத்தாள். வேறொரு கம்பெனியின் போர்டு அது, ஈயம் பூசின பழைய ரகம். ஓவனிலிருந்து வெளியே வந்தபோது ஒவ்வொரு திட்டிலும் சால்டர் படிந்து கண்ணாடியாக மின்னியது. பேஸ்ட்டும் தப்பித்தது. மீதி இருப்பது வெறும் போர்டு மட்டும்தான்.

இதைக் கேட்டதும் விஜயராகவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பழியை வெளியூருக்கு அனுப்ப முடியும் என்றால் எந்த முதலாளிக்குத்தான் முகம் மலராது? போர்டு செய்து அனுப்பும் பெங்களூர் ஆளுக்கு அப்போதே மெயில் தட்டத் தொடங்கினார். முகிலன்தான் இல்லையென்று தலையை ஆட்டினான்.

"சார், அதே லாட் போர்டைத்தானுங்க மதிய ஷிப்டும் ஓட்டுறாங்க. அவங்களுக்கு நல்லா வருதே. போர்டு மேல தப்புன்னா ரெண்டு ஷிப்டுலயும் வரணுமில்லீங்களா?"

விஜயராகவனின் விரல் நின்றது. கொஞ்சம் யோசித்தார். அவர் யோசிக்கும்போதெல்லாம் கூடத்தில் எல்லோருக்கும் திக்கென்றிருக்கும்.

"அப்ப திரும்ப கொளஞ்சிதான். வேர்த்த கையால தொட்டுத் தொட்டு செம்ப கெடுக்குறான். மாடு புடிக்கிற கையோட வந்து போர்டப் புடிச்சா வேற என்னா ஆவும்?"

தையல்நாயகிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கொளஞ்சி கையுறை இல்லாமல் ஒரு நாளும் போர்டைத் தொட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் முகிலன் கேட்டது நியாயமான கேள்வி. ஒரே போர்டு, ஒரே பேஸ்ட், ஒரே ஓவன். கொளஞ்சி ஓட்டினால் ஒட்டவில்லை, வெற்றிவேல் ஓட்டினால் ஒட்டுகிறது. அவன் செய்து இவர் செய்யாதது ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அவனைத் தவிர வேறு யாரைக் கேட்பது? விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள்.

அவளைப் பார்த்ததும் கொளஞ்சி எழுந்து நின்றான்.

"உக்காருடா. காலைல வந்ததுலேர்ந்து நீ என்னா என்னா செய்வ, ஒண்ணு விடாம சொல்லு."

"கார்டு போடுவேன்க்கா. ஓவன ஆன் பண்ணுவேன். சூடேறதுக்குள்ள கொடவுனுக்குப் போயி அன்னிக்கு வேண்டிய போர்ட எடுத்தாருவேன்."

"எங்கேர்ந்து எடுப்ப?"

"அடித்தட்டுலேர்ந்து."

"வெற்றிவேலு?"

கொளஞ்சி சிரிப்பை அடக்கிக்கொண்டான். வேலை போகப்போகிற நேரத்திலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"அவரு மேல்தட்டுதான்க்கா. வெள்ளம் வடிஞ்சி கொஞ்ச நாளு கழிச்சி அடித்தட்டுல சாரப்பாம்பு சுருண்டு கெடந்துதுல்ல? அதுலேர்ந்து யாரும் அங்க கைய வுட மாட்டாங்க. அமுதவல்லி அக்கா அந்தப் பக்கமே வராது. எங்க ஊருல பாம்பு வரப்புல நம்ம கூடவே நடந்து வரும், எனக்கு என்னா பயம்? எல்லாரும் மேலயே எடுத்தா அடியில இருக்குறது என்னாவும்னு நான்தான் அடியிலேர்ந்து எடுத்துட்டு வரேன்."

தையல்நாயகி அப்படியே திரும்பினாள். குடோனை நோக்கி நடந்தாள். நடையில் பழைய வேகம் இல்லை. பாதி வழியிலேயே அவளுக்கு விளங்கத் தொடங்கிவிட்டது. விளங்காமல் இருந்தால் தேவலை என்று அவள் நினைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

குடோனில் குத்துக்காலிட்டு அடித்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தாள். உள்ளே இருந்த பொட்டலங்கள் கத்தரித்துப் பிரிக்கப்பட்டு, பழுப்பு டேப்பால் மறுபடி ஒட்டப்பட்டிருந்தன. பெட்டியின் மேல் வெள்ளைச் சீட்டு. அதில் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் கொட்டை எழுத்து: 'காய வைத்தது. சரி. தை.நா.' கீழே தேதி. தேதிக்குப் பக்கத்தில் தனக்குத் தானே போட்டுக்கொண்ட ஒரு டிக்.

கார்த்திகைப் புயல். புதுச்சேரியில் யாருக்கு மறக்கும்? நெல்லித்தோப்பில் அவள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஊரே வீட்டைப் பிரித்து வெயிலில் போட்டது. அரிசி, பாய், பட்டுப்புடவை, பிள்ளைகளின் சர்டிபிகேட் என்று மொட்டை மாடி நிறைய. பீரோவுக்குள் பத்திரமாக இருந்ததையும் யாரும் நம்பவில்லை. வெள்ளம் புகுந்த வீட்டில் மூடிக் கிடப்பது எதையும் திறந்து காயவைத்துவிட வேண்டும். அந்தக் கையோடுதான் அவள் கம்பெனிக்கு வந்தாள். அடித்தட்டுப் பெட்டிகளின் அட்டை நனைந்து தொளதொளத்திருந்தது. உள்ளே போர்டுகள் காற்றுப் புகாத பொட்டலத்தில் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் அன்று அவளுக்குப் பிளாஸ்டிக் மேல் நம்பிக்கை இல்லை. நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு எல்லாப் பொட்டலத்தையும் கத்தரித்து, ஒவ்வொரு போர்டாகத் துடைத்து, போர்டு காயவைக்கும் அலமாரி ஓவனில் நூற்றிருபது டிகிரியில் ஆறு மணி நேரம் வைத்து எடுத்தாள்.

ஈயம் பூசின பழைய போர்டாக இருந்தால் அதில் ஒரு தப்பும் இல்லை. பத்து வருஷமாக அப்படித்தான் காயவைத்தாள். இந்த ஆர்டரில்தான் முதல்முறையாகச் செப்புப் போர்டு வந்தது; புயலுக்கு முன்பே வந்திறங்கியதை ஓட்டத் தொடங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. செம்பு கறுக்காமல் இருக்க அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. கொஞ்ச நேர ஓவன் சூட்டைத் தாங்கும். ஆறு மணி நேரம் வாட்டினால் தாங்காது. பூச்சு போனால் செம்பு வெந்து கறுக்கும். கறுத்த செம்பைச் சால்டர் தொடாது. பிரிக்காதே, சூடு காட்டாதே என்று பெட்டிக்குள் ஒரு தாளும் இருந்தது. இப்போதும் இருந்தது. அன்று அதை அவள் படிக்கவில்லை. பதினாறு வருஷ அனுபவசாலி தாளைப் படிப்பாளா?

அந்த வாரமே விஜயராகவன் எல்லோரையும் கூட்டி வைத்து, சரக்கைக் காப்பாற்றியவள் என்று அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். சரிகைக் கரை போட்ட மெரூன் கலர். போட்டோகூட எடுத்தார்கள். கொளஞ்சி அந்தக் கூட்டத்தில் இல்லை. அவன் ஊரில் வயல் முழுகிக் கிடந்தது.

வெள்ளைச் சீட்டின் ஒரு மூலை லேசாக எழும்பியிருந்தது. ஓர் இழுப்பு இழுத்தால் கையோடு வந்துவிடும். டேப் ஒட்டிய பொட்டலத்தைப் பார்த்தால் பெங்களூர்க்காரன் அப்படித்தான் அனுப்பினான் என்று எவனும் நம்புவான். மெயில் வேறு பாதி தட்டிக் கிடக்கிறது. தையல்நாயகி அந்த மூலையை விரலால் தொட்டாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். டிபன் டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் கண்ணுக்குள் வந்தான். அவளுக்கு வெட்கமாக இருந்தது. எழும்பியிருந்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். அந்தப் பெட்டியையும், மேல்தட்டிலிருந்து பிரிக்காத பெட்டி ஒன்றையும் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

"அமுதா, இதுல ரெண்டு, அதுல ரெண்டு. பேஸ்டப் பூசு."

நான்கு போர்டும் ஒரே வரிசையில் ஓவனுக்குள் போயின. வெளியே வந்ததும் முகிலன் மைக்ராஸ்கோப்பில் வைத்தான். மேல்தட்டுப் போர்டில் சால்டர் செம்பு முழுக்கப் பரவிப் படிந்திருந்தது. அடித்தட்டுப் போர்டில் உருண்டு ஒதுங்கியிருந்தது. நான்கையும் ஓட்டியது அன்று ஓவனில் நின்ற வெற்றிவேல். கொளஞ்சி அந்தப் பக்கமே வரவில்லை.

"ரெண்டும் ஒரே லாட்டுங்க," என்றான் முகிலன், பெட்டிகளைப் புரட்டிப் பார்த்து. "அப்ப பெங்களூர்க்காரங்க மேலயும் தப்பில்ல. இந்தப் பெட்டிய யாரோ பிரிச்சிருக்காங்க."

"நான்தான்," என்றாள் தையல்நாயகி.

முகிலன் பெட்டியிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

"நான்தான் பிரிச்சேன். ஓவன்ல வெச்சு வாட்டுனதும் நான்தான். எம்பேரே எழுதியிருக்குது, படிங்க. கொளஞ்சி ஒரு தப்பும் செய்யல சார். பாம்புக்குப் பயந்து நாம யாரும் எடுக்காத பெட்டிய அவன் எடுத்தான். அவ்ளோதான்."

விஜயராகவன் சீட்டைப் படித்தார். மறுபடியும் படித்தார். அன்று அவர் ஒன்றை இரண்டு தடவை படித்தது அதுதான்.

"ஏம்மா, இதுக்கா உனக்குப் பொன்னாடை போத்துனேன்?"

"ஆமா சார்."

"கஸ்டமர பக்கத்துல வெச்சிக்கிட்டு இதச் சொல்றியே! நுணலும் தன் வாயால் கெடும்னு..."

"கெட்டா நான் கெட்டுட்டுப் போறேன் சார். அவன் ஏன் கெடணும்?" என்றவள் முகிலன் பக்கம் திரும்பினாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "சார், இன்னும் பேஸ்ட் பூசாத போர்டு அடித்தட்டுல அறுநூத்திச் சொச்சம் இருக்குது. பெங்களூருக்கே அனுப்பிச்சா பழைய பூச்ச எடுத்துட்டு புதுசா பூசித் தருவாங்க. வீணாப்போவாது. ஓட்டிக் கெட்டுப்போனது எரநூத்திப் பன்னெண்டு. அத நான் கையால, ஒவ்வொரு காலாப் புடிச்சி சரிபண்ணித் தரேன். பத்து நாளு குடுங்க. அதுவரைக்கும் மேல்தட்டுப் போர்டு ஓடும், உங்களுக்கு சரக்கு நிக்காது."

முகிலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"எங்க ரிப்போர்ட்டுல பாதிப் பேரு காரணம்ங்கிற இடத்துல 'தெரியவில்லை'ன்னு எழுதி அனுப்புவாங்க மேடம். இப்படிப் பேரோட எழுதி நான் பார்த்ததில்லீங்க. பத்து நாள் எடுத்துக்கோங்க. ஆர்டர் இங்கயேதான்."

விஜயராகவனுக்குக் கோபப்படுவதா, நிம்மதிப்படுவதா என்று புரியவில்லை. மெயிலை அழித்தார். பிறகு வாசல் பக்கம் பார்த்து, அந்தப் பையனை வரச்சொல்லுங்கள் என்றார். போய்ச் சொல்ல வேண்டியவள் தான்தான் என்று தையல்நாயகியே போனாள்.

மறுநாள் காலை அவள் ஷிப்டு தொடங்குவதற்கு முன்பே வந்துவிட்டாள். கையில் ஒரு துணிப்பை. கொளஞ்சி ஓவனை ஆன் பண்ணிவிட்டு நின்றிருந்தான். விஜயராகவன் உட்பட எல்லோரும் பார்க்க, அவள் பையிலிருந்து அந்த மெரூன் பொன்னாடையை எடுத்து உதறி அவன் தோளில் போர்த்தினாள்.

நம் ஊரில் பொன்னாடை ஓரிடத்தில் தங்காது என்பது தெரிந்த கதைதான். போர்த்திக்கொண்டவர் அடுத்த கூட்டத்தில் இன்னொருவருக்குப் போர்த்திவிடுவார். அப்படித் தோள் மாறும் பொன்னாடைகளில் போய்ச் சேர வேண்டிய தோளுக்குப் போவது அபூர்வம்.

"எதுக்குக்கா எனக்கு?" கொளஞ்சி நெளிந்தான்.

"நான் வெச்ச புள்ளி உன் வேலைக்கே உல வெக்கப் பாத்துச்சு. பெரிய தப்புடா. மன்னிச்சிக்க." சொல்லும்போது அவள் கண் கலங்கியது. அதை அவள் மறைக்கவில்லை. "நீ மட்டும் அடியிலேர்ந்து எடுக்கலன்னா அந்தப் பெட்டிங்க இன்னும் எத்தினி மாசம் கெடந்திருக்குமோ. என் பேரோட."

அமுதவல்லிதான் முதலில் கை தட்டினாள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். விஜயராகவனும் தட்டினார், கொஞ்சம் தாமதமாக.

ஓவன் இருநூறு டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. கொளஞ்சியின் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து சரிகைக் கரையில் இறங்கியது.

"வேர்க்குதுல்ல, எடுத்து வெச்சிட்டு வேலையப் பாரேன்டா," என்றாள் தையல்நாயகி.

"இருக்கட்டும்க்கா," என்றான் கொளஞ்சி. டீ வரும்வரை அவன் அதைக் கழற்றவில்லை.